பார்த்தவர் சொல்லட்டும்
நரம்பியல் மருத்துவர் பதில்கள்: வலிப்பு நோய்

தலைவலி பற்றிய பதில்கள் வெளியான பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வலிப்பைப் பற்றியவையாக இருந்தன. தலைவலிக்காரர்கள் பெயரையும் முகவரியையும் முழுதாக எழுதியிருந்தார்கள். வலிப்பைப் பற்றி எழுதியவர்களில் அநேகமாக எல்லோருமே பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் ஊர் மட்டுமே.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் போன மாதம் விடியற்காலையில் படிப்பதற்காக எழுந்தவள், கைகால் வெட்டி இழுத்துக் கீழே விழுந்துவிட்டாள். நாக்கையும் கடித்துக்கொண்டாள். இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. இரண்டுமே நார்மல் என்று வந்துவிட்டன. ஆனாலும் மாத்திரை வேண்டும் என்கிறார் டாக்டர். ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். — வாசகி, நாமக்கல்

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மாத்திரையோடு சம்பந்தமில்லாதது போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஆறு மாதமாகவே காலையில் காபி டம்ளரைக் கொடுத்தால் தட்டிவிடுகிறாள், தூக்கக் கலக்கம் என்று திட்டுவேன்." அம்மா, நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டுகளையும்விட அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் சொல்கிறது.

பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோய் உண்டு. தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தோளும் கையும் மின்சாரம் தொட்டதுபோல ஒரு கணம் வெட்டிவிடும். நினைவு தப்பாது. பல் துலக்கும் பிரஷ் தெறிக்கும், சீப்பு கைநழுவும், காபி தரையில் கொட்டும். பிறகு ஒருநாள், பெரும்பாலும் இரவில் கண்விழித்துப் படித்த மறுநாளோ கல்யாண வீட்டில் தூங்காமல் இருந்த மறுநாளோ, முழு வலிப்பு வரும். என் அறைக்கு வரும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது பிரஷைப் பற்றித்தான். கேட்டவுடன் பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அம்மாவின் முகம் மாறும். நோயின் பெயர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இ.இ.ஜி. என்பது மூளையின் மின்னோட்டத்தைத் தலையின் மேலிருந்து பதிவு செய்யும் முறை. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதரிடம் முதன்முதலாக அதைப் பதிவு செய்தார். நூறு ஆண்டுகள் கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. உங்கள் மகளுக்கு எடுத்தது ஏறத்தாழ அரை மணி நேரப் பதிவு. அந்த அரை மணியில் மூளை அமைதியாக இருந்தது என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்வதில்லை. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் பதிவு நார்மலாகத்தான் வரும். தூக்கத்தைக் குறைத்து, மறுநாள் காலை தூங்கவைத்து எடுத்தால் மாற்றம் தெரிய வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு பதிவு எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரே ஒருமுறை மட்டும் வலிப்பு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மறுபடி வருவதில்லை; அவர்களுக்கு உடனே மாத்திரை தொடங்காமல் காத்திருப்பதும் உண்டு. உங்கள் உறவினர்கள் சொல்வது அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் காலையில் வரும் அந்த வெட்டுகளும் வலிப்புதான் என்பதால் உங்கள் மகளுக்கு வந்தது ஒருமுறை அல்ல, ஆறு மாதமாக வந்துகொண்டிருக்கிறது. காபி டம்ளர் விவரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் மருந்துத் தேர்வே அதைப் பொறுத்து மாறும்: பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படும் பெனிட்டோயின், கார்பமாசெபின் போன்றவை இந்த வகையில் வெட்டுகளை அதிகமாக்கிவிடலாம். இந்த வகைக்கு நன்றாக வேலை செய்யும் வால்புரோயேட் என்ற மருந்தைப் பெண்பிள்ளைகளுக்குக் கூடியமட்டும் தவிர்க்கிறோம். காரணம் கீழே திருச்சி வாசகியின் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. தேர்வு முடியும்வரை அவள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்க வேண்டாம். படிப்பைவிடத் தூக்கம் முக்கியமா என்று கேட்டால், இவளுக்கு ஆமாம்.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுத்தால் நிற்கிறதே, எப்படி? — வாசகர், விருதுநகர்

வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். கூட்டத்தில் யாரோ ஒருவர் சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். புகழ் சாவிக்குப் போகிறது. சாவியாவது பரவாயில்லை, பல் கடித்துவிடும் என்று வாயில் கரண்டியைச் செருகிப் பல் உடைந்து வந்தவர்களையும், வாயில் விரலை விட்டுக் கடிபட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது குறைவு. சுற்றிலும் உள்ள கூரான பொருள்களை விலக்குங்கள். தலைக்கு அடியில் துண்டையோ பையையோ வையுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வெட்டு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள்: ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலேயே மறுபடி தொடங்கினாலோ, அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ 108-ஐ அழைக்கத் தாமதிக்கக்கூடாது. கூட இருப்பவர்களில் ஒருவர் செல்போனில் படம் எடுத்து வைத்தால் பெரிய உதவி. அதை அநாகரிகம் என்று நினைக்க வேண்டாம். மருத்துவருக்கு மட்டும் காட்டினால் போதும்.

போகிற போக்கில் ஒன்று: 'காக்காய் வலிப்பு' என்ற பெயருக்கும் காகத்துக்கும் தொடர்பில்லை, 'கால் கை வலிப்பு' என்பதே பேச்சில் அப்படித் திரிந்தது என்று சொல்வார்கள்.

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது மட்டும் வலிப்பு வருகிறது. மூன்று தடவை ஆகிவிட்டது. வேறு நாளில் வந்ததே இல்லை. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் என் மாமியார். — வாசகி, ஓசூர்

எண்ணெய்மீது பழி வேண்டாம். வெந்நீர்தான் காரணமாக இருக்க வேண்டும். தலையில் வேகமாக வெந்நீர் ஊற்றுவதாலேயே தூண்டப்படும் வலிப்பு ஒன்று இருக்கிறது. மருத்துவ இதழில் அதை முதலில் எழுதியவர் நியூசிலாந்துக்காரர், 1945-இல். ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அது காணப்படுவது உங்கள் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் தென்பகுதியிலும் அதையொட்டிய பகுதிகளிலும்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள்.

நம் குளியல் முறையை நினைத்துப் பாருங்கள். அண்டாவில் ஆவி பறக்கும் தண்ணீர். பிள்ளையை மணையில் உட்காரவைத்து, சீயக்காய் போகும்வரை சொம்பு சொம்பாக, மூச்சு விடக்கூட இடைவெளி இல்லாமல் உச்சந்தலையில் ஊற்றுவோம். அந்தத் தண்ணீரின் சூடு 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஷவரில் நின்று குளிப்பவரின் தலைக்கு இந்தத் தாக்குதல் கிடையாது. பாரம்பரியமாக இதற்கு ஆளாகும் மூளைக்கு, அந்தச் சூடும் வேகமும் சேர்ந்து வலிப்பைக் கிளப்பிவிடுகின்றன. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கே அதிகம். வீட்டில் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ சிறுவயதில் குளியலறையில் 'மயக்கம்' வந்ததுண்டா என்று விசாரியுங்கள். சில பிள்ளைகளுக்கு வலிப்பு தொடங்கும் தருணத்தில் ஒருவகை இன்பம் தோன்றும். நிறுத்தச் சொன்னாலும் கேட்காமல் மேலும் மேலும் ஊற்றிக்கொள்வார்கள். தாய்மார்கள் அதை அடம் என்று நினைத்து அடிப்பதுண்டு.

தண்ணீரை வெதுவெதுப்பாக்குங்கள். உடம்புக்கு முதலில் ஊற்றி, தலையைக் கடைசியில் மெதுவாகக் கழுவுங்கள், அல்லது ஈரத்துண்டால் துடைத்துவிடுங்கள். குளியலறைக் கதவைத் தாழிட விடாதீர்கள். பலருக்கு இதுவே போதும். போதாதவர்களுக்கு, தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளியலுக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு குளோபசாம் மாத்திரை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். சிலருக்குப் பிற்பாடு வெந்நீர் இல்லாமலும் வலிப்பு வரத் தொடங்கலாம் என்பதால், குறைந்துவிட்டது என்று பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள். ஆனால் அதில் கற்பூரம் கலப்பவராக இருந்தால் அதை விடச் சொல்லுங்கள். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் தாமாகவே வலிப்பைத் தூண்டக்கூடியவை.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். என் மருமகனுக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில், பன்றி இறைச்சியில் இருக்கும் நாடாப்புழு மூளையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டில் பெரிய மனஸ்தாபமாகிவிட்டது. — வாசகர், கும்பகோணம்

மருமகன் ஒளித்துவைத்துச் சாப்பிட்டதாக ஒருவரும் நினைக்க வேண்டாம். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்பவருக்கு நாடாப்புழு குடலில் வளரும். அவருக்குப் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. அவருடைய மலத்தில் வெளியேறும் புழு முட்டைகள் மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத கீரை, கொத்தமல்லி, வெள்ளரிக்காய் வழியாகவோ, கை கழுவாத சமையல்காரரின் விரல் வழியாகவோ அடுத்தவர் வயிற்றுக்குப் போகின்றன. அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சுதான் ரத்தத்தோடு மூளைக்குப் போய்த் தங்குகிறது. அதாவது, மூளைக்குப் போகும் புழு இறைச்சியிலிருந்து நேராக வருவதே இல்லை. சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் ஆபத்து ஒன்றுதான்.

அது சாகும்போது சுற்றிலும் ஏற்படும் வீக்கம் ஸ்கேனில் சிறு வளையமாகத் தெரியும். வலிப்பும் அப்போதுதான் வரும். சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், 1980-களில், இந்த வளையத்தைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அத்தகைய கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பெரும்பாலானவை புழுவின் எச்சம் என்று காட்டிய பிறகே அந்த வழக்கம் மாறியது. ஒற்றை வளையம் மட்டும் என்றால் சில மாதங்களில் மறைந்துவிட வாய்ப்பு அதிகம். மறைந்தபின் வலிப்பு மாத்திரையையும் மருத்துவர் படிப்படியாக நிறுத்தலாம். சுண்ணாம்புத் தழும்பாக நின்றுவிட்டால் மாத்திரை நீளும். புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள்: கண்ணில் புழு இருக்கிறதா என்று பார்க்காமலும், வீக்கத்துக்கான மருந்து இல்லாமலும் அதைத் தொடங்குவது ஆபத்து.

கேள்வி: மகளுக்கு வயது 24. எட்டு வருடமாக வால்புரோயேட் சாப்பிடுகிறாள். மூன்று வருடமாக வலிப்பு இல்லை. வரன் வந்திருக்கிறது. சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும், சொல்லாமல் முடித்துவிடலாம் என்கிறார்கள் என் அண்ணன்மார். — வாசகி, திருச்சி

சொல்லிவிடுங்கள். அறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மருத்துவக் காரணத்தை மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு இரவுகள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. முகூர்த்தம் முடியும்வரை பெண் பட்டினி. மாத்திரை டப்பா கைப்பையின் அடியில், யாரும் பார்க்காத நேரம் கிடைத்தால்தான் போட முடியும். அந்த நேரம் கிடைப்பதில்லை. தூக்கமின்மை, பட்டினி, விட்டுப்போன மாத்திரை: வலிப்பு வரவழைக்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டால்கூட இதைவிடக் கச்சிதமாகப் போட முடியாது. மூன்று வருடம் வராதது மாமியார் வீட்டில் மூன்றாம் நாள் வருகிறது. அதன்பின் அந்தப் பெண் படும் பாட்டை என் அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. வலிப்பு நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் திருமணம் செல்லாது என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான செய்தியை மறைத்துச் சம்மதம் பெற்றார்கள் என்று வழக்குப் போட இன்றும் இடம் இருக்கிறது. சொல்லிச் செய்தால் சட்டம் உங்கள் மகள் பக்கம். மறைத்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிடுகிறீர்கள்.

இதைவிட அவசரமானது மாத்திரை. கர்ப்ப காலத்தில் வால்புரோயேட் சாப்பிடும் தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்குப் பிறவிக் குறை ஏற்படுகிறது; நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பேருக்கு அறிவு வளர்ச்சி, பேச்சு, நடத்தை ஆகியவற்றில் பாதிப்பு தெரிகிறது. லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் ஆகியவற்றில் இந்த ஆபத்து மிகக் குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்துவருகிறது. நம் பெண்களைப் பற்றி நாங்கள் நம்பிக்கையோடு பேசுவதற்கு அந்தப் பதிவேடும் ஒரு காரணம். மாற்றக்கூடிய மருந்தாக இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே, நிதானமாக, மருத்துவர் மேற்பார்வையில் மாற்ற வேண்டும். பயந்துபோய் நாளையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை தேவை. வலிப்பு நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது, தாய்ப்பாலும் கொடுக்கலாம். இதையும் அந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள். வேண்டுமானால் அவர்களையும் அழைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். என்னிடம் அப்படி இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்ததுண்டு. சில சம்பந்தங்கள் முறிந்தன, பல நிலைத்தன.

கேள்வி: இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. பைக் ஓட்டலாமா? — வாசகர், கோவை

பிரிட்டன் போன்ற நாடுகளில் ஓராண்டு வலிப்பு இல்லாமல் இருந்தால் கார் ஓட்ட அனுமதிக்கிறார்கள். நம் நாட்டில் அப்படிக் கால வரையறை எதுவும் இல்லை; உரிமத்துக்கான முதல் படிவமே வலிப்பு உண்டா என்று நேராகக் கேட்கிறது. 'இல்லை' என்று பொய் எழுதச் சொல்லி எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. சட்டம் மாற வேண்டும் என்பது என் கருத்து. அது மாறும்வரை பஸ்தான்.

கேள்வி: தம்பிக்குப் பன்னிரண்டு வருடமாக வலிப்பு. மூன்று மாத்திரைகள் சாப்பிட்டும் மாதம் நான்கைந்து முறை வருகிறது. வாயை மென்றுகொண்டு, சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு ஒரு நிமிடம் எங்கோ பார்ப்பான். ஆபரேஷன் உண்டு என்கிறார்களே, பயமாக இருக்கிறது. — வாசகர், தஞ்சாவூர்

பன்னிரண்டு வருடம் காத்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 470 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது: முதல் மாத்திரையிலேயே 47 சதவீதத்தினருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவதில் இன்னும் 13 சதவீதம், அதற்குப் பின் மருந்தை மாற்றியும் கூட்டியும் பார்த்ததில் பயன் கண்டவர்கள் மிகச் சிலரே. சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகள் சரியான அளவில் தோற்றுவிட்டால், நான்காவது ஐந்தாவது மருந்து அதிசயம் செய்யும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பதில் பொருளில்லை. அந்தக் கட்டத்திலேயே பெரிய மையத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

வாயை மெல்வதும் பித்தானைத் தடவுவதும் காதுக்கு உட்புறமாக இருக்கும் டெம்போரல் மடல் என்ற பகுதியிலிருந்து கிளம்பும் வலிப்பின் அடையாளங்கள். நீங்கள் கவனித்து எழுதியது நல்லதாயிற்று. எந்தக் கை தடவுகிறது, எந்தக் கை விறைத்து நிற்கிறது, முடிந்தபின் பேச எவ்வளவு நேரமாகிறது என்பதையும் குறித்துவையுங்கள். வலிப்பு எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதை அது சொல்லும். வீடியோ இ.இ.ஜி.யும் அதற்கென்று எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே இடத்தைக் காட்டினால், அந்தச் சிறு பகுதியை எடுத்துவிடலாம். கனடாவில் இத்தகைய 80 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. ஓராண்டு முடிவில், அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதத்தினர் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள்; மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம்.

புதுச் சோதனை என்று பயப்பட இது நேற்று வந்ததல்ல. கனடாவின் மான்ட்ரியலில் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952-லேயே அங்கே வலிப்புக்கு அறுவை நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரையில் 1995 முதல் தொடர்ந்து நடக்கிறது. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நினைவாற்றலில் குறை வரலாம், பார்வையின் ஓரம் சற்றுக் குறுகலாம், அபூர்வமாகப் பக்கவாதமும் உண்டு. ஆனால் அடங்காத வலிப்பும் ஆபத்தில்லாதது அல்ல. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் தூக்கத்திலோ தனிமையிலோ திடீரென இறக்கிறார். முழு வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். தம்பியை அழைத்துப்போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு செல்போனில் எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு சிறுமி, பாடம் எழுதிக்கொண்டே இருப்பவள், திடீரென்று நிறுத்திவிட்டு விழித்துப் பார்க்கிறாள். இமை மட்டும் துடிக்கிறது. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள், ஒன்றும் நடக்காததுபோல விட்ட எழுத்திலிருந்து தொடர்கிறாள். ஒரு நாளில் பதினான்கு முறை குறித்தேன். பெற்றோர் பகல்கனவு என்கிறார்கள். நான் தலையிடலாமா? — வாசகி, திண்டுக்கல்

நீங்கள் எண்ணியதற்கு நன்றி டீச்சர். கனவு காணும் பிள்ளை, தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். இந்தச் சிறுமி அந்தப் பத்து நொடியில் தொட்டாலும் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள் என்றால், அது பகல்கனவு இல்லை. கீழே விழாமல், கைகால் வெட்டாமல் வரும் இந்த வலிப்பு நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும். 'கவனம் இல்லை' என்று திட்டு வாங்கியே இரண்டு மூன்று வருடத்தைக் கழித்துவிடுகிற பிள்ளைகள் ஏராளம். நாங்கள் அறையில் செய்யும் சோதனை எளிது: காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வோம், ஊதிக்கொண்டிருக்கும்போதே காற்றாடி நின்றுவிடும், பிள்ளை விழித்துப் பார்க்கும். அதை மருத்துவரும் இ.இ.ஜி. கருவியும் அருகிலிருக்கச் செய்வதே முறை. வகுப்பில் முயல வேண்டாம். சரியான மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாக அடங்கும், பலருக்குப் பெரியவர்களாவதற்குள் விட்டும் போய்விடும்.

தலையிடுங்கள். அவள் நோட்டில் அந்தப் பத்து நொடி விழுந்த இடங்களைப் பார்த்தால், எழுத்து பாதியில் கோணலாகி, பின் நேராகியிருக்கும். அந்த நோட்டையும், நீங்கள் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தின் நகலையும் பெற்றோரிடம் கொடுத்து, பகல்கனவா இல்லையா என்பதை நரம்பியல் மருத்துவரோ குழந்தை நல மருத்துவரோ சொல்லட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.